கையெழுத்துச் சாயல் எழுத்துருவும் தொலைக்காட்சித் தலைப்பும்

ஓலையின் எழுத்தையும் கல்லின் எழுத்தையும் காலங்காட்டும் சான்றாகக் கொள்ளும் நாம், தொலைக்காட்சித் தொடரின் தலைப்பெழுத்தை ஓவியர்க்கும் கணிப்பொறியாளர்க்கும் உரியதெனப் பெரும்பாலும் ஒதுக்கி விடுகின்றோம். அதுவும் எழுத்தே, அதற்கும் காலமும் இடமும் உண்டு. அத்தகைய தலைப்பிற்குக் கையெழுத்துச் சாயல் கொண்டதோர் எழுத்துருவைத் தேருங்கால் நோக்கற்பாலன யாவை என ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சென்னையின் மேற்கே, பாடிக்கும் அம்பத்தூருக்கும் அண்மையில் உள்ள மண்ணூர்பேட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். தொழிற்பேட்டை 1960-களில் அப்பகுதியில் எழுந்தபின் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்த குடும்பம் ஒன்றின் கதையை, 1970-களை ஒட்டி, ஒருவர் தொடராக எடுக்கின்றார் என்க. தலைப்புக் கைப்பட எழுதியது போல் இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில் இவ்வினா எழுந்திராது. அட்டையில் தூரிகையால் எழுதிப் படக்கருவியின் முன் வைப்பதே அந்நாளைய வழக்கு. அவ்வெழுத்து தடித்திருந்தமைக்கு எழுதுவோரின் சுவை மட்டும் காரணமன்று. 625 வரிகளால் ஆகிய அக்காலத் திரையில், ஒரே வரியளவான மெல்லிய கிடைக்கோடு நடுங்கித் தோன்றும். இன்றைய திரைக்கு அக்குறை இல்லை. எனவே மெல்லிய பேனா எழுத்தும் தலைப்பாதல் கூடும். ஆயின் கை போய் எழுத்துரு வந்தது.

கைக்கும் எழுத்துருவுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வூர்ப் பெயரே காட்டும். மண்ணூர்பேட்டை என்பதில் எழுத்து ஏழு. அவற்றுள் புள்ளி பெற்றன மூன்று. இறுதியில் டகரம் இருமுறை வருகின்றது: ஒன்று புள்ளியுடன், மற்றொன்று ஐகாரக் குறியை முன்னே கொண்டு. கையால் எழுதுவார் இவ்விரண்டையும் ஒரே அளவில் எழுதார். முன்னதன் கோடு சற்றே குறுகும். பின்னது சொல்லின் முடிவாதலின் நீளும். விரைந்தெழுதுவாரது புள்ளி சிறு கீற்றாகிப் பக்கத்து எழுத்தின் மேற்சென்று நிற்பதும் உண்டு. எழுத்துருவிலோ இரண்டு டகரமும் அச்சுக் குத்தியதுபோல் ஒன்றேயாய் நிற்கும். நெடிய பத்தியில் கண் இதனைப் பொறுத்துக்கொள்ளும். ஏழே எழுத்தாய்த் திரை முழுதும் விரியும் தலைப்பில் பொய் உடனே வெளிப்படும். இதற்கு மாற்றாக ஓரெழுத்திற்கு இரண்டு மூன்று வடிவங்களை எழுத்துருவினுள் அமைத்து, இடம் நோக்கி மாறிவரச் செய்தல் ஓப்பன்டைப் முறையில் இயலும். அவ்வாறு அமையாத எழுத்துருவைத் தலைப்பிற்குக் கொள்ளுதல் தகாது என்பது எம் கருத்து.

இதனினும் பெரிது காலவழு. பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தழுவித் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா. அவற்றின் ஒகர ஓகார வரிசை. ணை, லை, ளை, னை எனப் பதின்மூன்று எழுத்துகள் வடிவு மாறின. மண்ணூர்பேட்டை என்னும் பெயரில் இவற்றுள் ஒன்றும் இல்லை. டை மாறாத எழுத்து. ஆனால் அவ்வூர்க் கதைக்கு இயல்பாக வாய்க்கும் சொற்களை நோக்குக: ஆலை, வேலை, தொழிற்சாலை. மூன்றிலும் லகர ஐகாரம் நிற்கின்றது. 1970-களின் நடுவில் எழுதப்பட்டதாகக் காட்டும் தலைப்பில், யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய வடிவன்றோ இருத்தல் வேண்டும்? யூனிகோடு முறையில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே. வடிவைத் தருவது எழுத்துருவே. ஆகலின் எழுத்துருவைத் தேர்வோர், அறிந்தோ அறியாமலோ, ஆண்டையும் தேர்கின்றனர். உடையிலும் ஊர்தியிலும் அக்காலத்தைத் தேடித் தேடி அமைப்போர் தலைப்பில் மட்டும் பின்னைய வடிவை வைத்துவிடுதல் வியப்பே.

ஆணை பிறந்த நாளோடு பழைய வடிவம் அழிந்ததென்றும் கொள்ளற்க. முன்னரே பள்ளி பயின்றோர் பல்லாண்டுகள் தம் மடலிலும் கணக்கேட்டிலும் பழைய லையையே எழுதி வந்தனர். எனவே 1990-இல் பாட்டனார் எழுதும் கடிதத்தில் அவ்வடிவம் வரலாம். பேர்த்தியின் ஏட்டில் வருதல் அரிது. இஃது யாருடைய கை என்னும் வினாவுக்கு விடை காணாது கையெழுத்துச் சாயலைத் தேடுதல் வீண்.

தாரிக் அசீசு வடிவமைத்துக் கட்டற்று வழங்கும் கவிவாணர் எழுத்துரு இவ்வகையில் மதிக்கத்தக்க முயற்சி. அதன் சாய்வு, உரோமானிய எழுத்தின் சாய்வடிவை நினைவூட்டினும், பேனாவால் விரைந்தெழுதும் தமிழ்க் கைகட்கும் பொருந்துவதே. கவிதைத் தொகுப்பின் முகப்பிற்கு அதனை யாம் தயங்காது கொள்வோம். ஆனால் பட்டறைச் சுவரில் நின்றவாறு பட்டைத் தூரிகையால் இழுத்த எழுத்து சாய்ந்தோடுவதன்று. நிமிர்ந்தும் அகன்றும் நிற்பது. நம் தொடருக்கு வேண்டுவது அவ்வெழுத்தே. ஏழு எழுத்திற்கு ஓர் எழுத்துருவைத் தேடி அலைவதைவிட, பலகை எழுதிப் பழகிய ஒருவரை அழைத்து எழுதுவித்துப் படியெடுத்தல் எளிது, செலவும் பெரிதன்று.

எழுதுவிக்குங்கால் எழும் ஐயம் ஒன்று. ஊர் என்பதன்முன் பேட்டை வருமிடத்து வல்லினம் மிகுதலின் மண்ணூர்ப்பேட்டை என்பதே இலக்கண நெறி. ஊர்வழக்கோ ஒற்றின்றி எழுதும். தலைப்பை எழுதுபவர் கதையுள் வரும் தமிழாசிரியர் எனின் ஒற்று இருத்தல் வேண்டும். பட்டறைத் தொழிலாளர் எனின் அதனை இடைச்செருகுதல் பதிப்பாசிரியர் செய்யும் பிழையோடு ஒக்கும்.