முடக்கிய பணத்துக்குத் தவணை உண்டா?

'வங்கிக் கணக்குகள் முடக்கம்' என்று பத்திரிகையில் பார்த்ததும் பாதி நீதி கிடைத்துவிட்டதுபோல நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. காவல்துறையும் அதைச் சாதனைப் பட்டியலாகவே வாசிக்கிறது: இத்தனை கணக்குகள், இத்தனை கோடி, இத்தனை கார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பட்டியல் பழக்கமானது. 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை போட்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்துக்கு ஆரணியிலும் செய்யாற்றிலும் கிளைகள் இருந்தன. சுமார் 1,09,000 பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானது என்பது போலீஸ் சொன்ன கணக்கு. வங்கிகளில் முடக்கப்பட்டது சுமார் 96 கோடி.

முடக்குவதே கூடாது என்று யாரும் வாதாட முடியாது. நிர்வாகிகள் சிலர் நாட்டைவிட்டே போய்விட்ட ஆருத்ரா வழக்கில், கணக்கில் எஞ்சியிருந்ததையாவது பிடித்து வைத்தது நல்ல காரியம். இணைய மோசடியிலும் 1930 உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட்டவர்களின் பணம் தப்பியிருக்கிறது. மாதம் 25, 30 சதவீத வட்டி தருவதாகச் சொன்னவனை நம்பியதில் பேராசை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பேராசைப்பட்டவர்களுக்கு எதற்கு இழப்பீடு' என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. முடக்கிய பணம் அரசின் நன்கொடை அல்ல. முதலீட்டாளர் கட்டிய பணம்தான் அது.

என் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. முடக்குவதற்கு ஒரு அதிகாரியின் கடிதம் போதும், அன்றே நடந்துவிடும். திருப்பித் தருவதற்கோ நாளும் இல்லை, கெடுவும் இல்லை, அதையே வேலையாகக் கொண்ட ஆளும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1997-லேயே தமிழ்நாடு, முதலீட்டாளர் நலன் காக்கும் டான்பிட் சட்டத்தை இயற்றியது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது ஒரு பாதை, சொத்தைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டு முதலீட்டாளர்களுக்கு விகிதப்படி பிரித்துத் தருவது இன்னொரு பாதை என்று அந்தச் சட்டம் தெளிவாகவே பிரிக்கிறது. இரண்டாவது பாதைக்கு முதல் பாதையின் தீர்ப்பு வரவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. நடைமுறையில் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிட்டார்கள். திருப்பூர் பாசி நிதி நிறுவன வழக்கைப் பாருங்கள். 2009-இல் வெடித்த 930 கோடி மோசடிக்கு 2022 ஆகஸ்டில்தான் கோவை டான்பிட் நீதிமன்றம் 27 ஆண்டு சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. தீர்ப்பு கடுமையானதுதான். அந்த அபராதம் முழுவதும் வசூலானாலும் போன பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இடையில் போன பதின்மூன்று ஆண்டுகளில் செத்துப்போன முதலீட்டாளர்களின் வாரிசுச் சான்றிதழுக்கு எந்தத் தாலுகா ஆபீஸில் நிற்பது?

சொத்தை ஏலத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பை இச்சட்டம் மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் உள்ள ஒருவரிடம் தருகிறது. நிலப் பட்டா, தேர்தல், வெள்ளம், குறைதீர் கூட்டம் எல்லாம் அவர் மேசையில்தான். திருவண்ணாமலையில் தீபத் திருவிழா வந்துவிட்டால் கலெக்டர் ஆபீஸ் முழுக்கத் திருவிழா வேலைதான். இதற்கு நடுவே ஏமாந்தவர்களின் கோப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்பதை ஊகிக்க அரசு ஊழியராக இருக்க வேண்டியதில்லை.

தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. அதை முடக்கியவர் கொடுப்பதில்லை. நிறுவனங்களின் கணக்கு பெரும்பாலும் நடப்புக் கணக்கு. அதில் கிடக்கும் பணத்துக்கு வட்டி இல்லை. அதே நேரத்தில், தாலியை அடகு வைத்து ஆருத்ராவில் கட்டிய பெண்ணுக்கு அடகுக்கடை வட்டி ஒரு நாளும் நிற்பதில்லை. 96 கோடியை அப்படியே இன்றைக்குப் பிரித்தாலும் ரூபாய்க்கு நாலு காசு. லட்சம் கட்டியவருக்கு நாலாயிரத்துக்குள்தான். சொத்து ஏலம் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். அந்த நாலு காசைக்கூட விசாரணை முடியட்டும் என்று பூட்டி வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால், யாருக்குப் பாதுகாப்பு?

கெடு இல்லாத முடக்கம் குற்றம் செய்யாதவரையும் விடுவதில்லை. கிரிவலப் பாதையில் இளநீர்க் கடைக்காரர்கூட கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். பௌர்ணமிக்கு ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்களில் ஒருவர் அனுப்பிய ஐம்பது ரூபாய் எங்கோ நடந்த மோசடிப் பணத்தின் வால் என்றால், ஹைதராபாத்திலிருந்து வரும் ஒரு மின்னஞ்சலில் இவர் கணக்கு மொத்தமும் நின்றுபோகலாம். கற்பனை அல்ல. தெலங்கானா சைபர் போலீஸ் சொல்லித் திருவள்ளூரில் முடங்கிய ஒரு கணக்கு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. எவ்வளவு தொகை, எத்தனை காலம் என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது பிழைப்பையே பறிப்பது என்று நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் கண்டித்தார். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதைப் புழங்கவிட உத்தரவிட்டார். தொகையும் காலமும் முதல் நாள் கடிதத்திலேயே இருந்திருந்தால் அந்த மனிதர் வக்கீலைத் தேடி அலைந்திருக்க மாட்டார்.

கெடு வைப்பது நடவாத காரியம் என்பார்கள். ஆனால் 2024 அக்டோபர் முதல் பிரிட்டனில், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை பொதுவாக ஐந்து வேலை நாளில் வங்கி திருப்பித் தரவேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. சீட்டு, முதலீட்டு மோசடிகளுக்கு அது அப்படியே பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-ஆவது பிரிவு, நீதிமன்றம் உத்தரவிட்டால் குற்றப் பணத்தை 60 நாளில் கலெக்டர் பிரித்துத் தரவேண்டும் என்கிறது. அந்த உத்தரவு எத்தனை நாளில் வரவேண்டும் என்பதைத்தான் எழுதாமல் விட்டார்கள்.

தமிழக அரசு ஒன்று செய்யலாம். ஒவ்வொரு டான்பிட் வழக்குக்கும் முடக்கியது எவ்வளவு, ஏலம் விட்டது எவ்வளவு, முதலீட்டாளர் கைக்குப் போனது எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடட்டும். அதுவரை, பொருளாதாரக் குற்றப்பிரிவின் அடுத்த பேட்டிக்குப் போகும் நிருபர்கள் முடக்கிய தொகையைக் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டாம். திருப்பிக் கொடுத்த தொகையைக் கேளுங்கள்.