கணிப்பொறி மருந்து கண்டுபிடிக்குமா?

கணிப்பொறி புதியதொரு கிருமிக்கொல்லி மருந்தைக் கண்டுபிடித்துவிட்டது என்னும் செய்தி 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உலகெங்கும் பரவியது. மருந்தின் பெயர் ஹாலிசின். 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்ற திரைப்படத்தில் ஹால் என்றொரு பேசும் கணிப்பொறி வருகிறது. அதன் பெயரையொட்டியே மருந்துக்கும் பெயர் சூட்டினர். பெயர் சூட்டும்போதே புகழில் பெரும்பகுதி கணிப்பொறிக்குப் போய்விட்டது. அந்தப் புகழ் அதற்கு உரியதுதானா என்பதை நாம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

இது வெறும் பெருமைச் சண்டை அன்று. நாம் நம்பியிருக்கும் மருந்துகளை எதிர்த்து நிற்கக் கிருமிகள் கற்றுக்கொண்டு வருகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேர்ந்த இறப்புகள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் என 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. புதிய மருந்துகள் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை எங்கிருந்து வரும் என்று தவறாக எண்ணிக்கொண்டால், பணத்தையும் உழைப்பையும் தவறான இடத்தில் கொட்டிவிடுவோம்.

என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் காலின்ஸ், ரெஜினா பார்சிலே, ஜோனதன் ஸ்டோக்ஸ் முதலியோர் இந்த ஆய்வை நடத்தி, ‘செல்’ என்னும் ஆய்விதழில் வெளியிட்டனர். முதலில் அவர்கள் 2,335 வேதிப்பொருள்களை ஆய்வுக்கூடத்தில் ஈ. கோலி என்ற பாக்டீரியாவின்மீது சோதித்தார்கள். அவற்றுள் 120 பொருள்கள் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தன. இந்த முடிவுகளைக் கணிப்பொறிக்குப் பாடமாகக் கொடுத்தார்கள். எந்த அணு எந்த அணுவோடு எவ்வகைப் பிணைப்பால் இணைந்திருக்கிறது என்பதை வைத்து, எத்தகைய மூலக்கூறு கிருமியைத் தடுக்கும், எத்தகையது தடுக்காது என்று அது கற்றுக்கொண்டது.

பிறகு, வேறு நோய்களுக்காக உருவாக்கப்பட்ட சுமார் 6,000 பொருள்களின் பட்டியலை அதன்முன் வைத்தார்கள். கணிப்பொறி முதலிடங்களில் நிறுத்திய 99 பொருள்களை மீண்டும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது 51 பொருள்கள் ஈ. கோலியைத் தடுத்தன. பழைய மருந்துகளின் சாயல் குறைவாகவும், நச்சுத்தன்மை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கத்தக்கதாகவும் இருந்த ஒன்றை அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தனர். அதுவே ஹாலிசின்.

பாராட்ட வேண்டியவை

முதற்சோதனையில் நூற்றுக்கு 5 பொருள்கள்தாம் பயன் தந்தன. கணிப்பொறி பொறுக்கிக் கொடுத்தவற்றில் நூற்றுக்கு 51 பயன் தந்தன. தேடும் உழைப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று இதற்குப் பொருள். இது சிறிய சாதனையன்று.

இன்னொன்றும் உண்டு. பயன்படாது என்று கணிப்பொறி கடைசியில் தள்ளிய 63 பொருள்களையும் இவர்கள் விடாமல் சோதித்தனர். அவற்றுள் 2 மட்டுமே கிருமியைத் தடுத்தன. தம் கருவி ஆம் என்று சொன்னதை மட்டுமின்றி, இல்லை என்று சொன்னதையும் சோதித்துப் பார்ப்பதே அறிவியல் நேர்மை. பல ஆய்வுகளில் நாம் காணாதது இது.

எங்கே இடறுகிறது?

முதல் தடை ‘புதிய மருந்து’ என்னும் சொல்லில் இருக்கிறது. ஹாலிசின் மூலக்கூறு புதியதன்று. நீரிழிவு நோய்க்குப் பயன்படுமா என்று முன்னரே ஆராயப்பட்ட பொருள் அது. கணிப்பொறி அதைப் படைக்கவில்லை. மறந்துபோன அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதன் அமைப்பில் நைட்ரோதயசோல் என்ற பகுதி இருக்கிறது. இதே பகுதி, குடல் ஒட்டுண்ணிகளுக்குத் தரப்படும் நிட்டசாக்சனைடு என்ற மருந்திலும் உண்டு. ஆகவே வேதியியலாருக்கு முற்றிலும் அந்நியமான உருவம் என்றும் இதைச் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஹாலிசின் எப்படிக் கொல்கிறது என்பதைக் கணிப்பொறி சொல்லவில்லை. பாக்டீரியா தன் சவ்வின் இருபுறமும் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றத்தாழ்வாக வைத்து, அணையில் தேக்கிய நீரைப்போல அதிலிருந்து ஆற்றல் பெறுகிறது. ஹாலிசின் அந்த ஏற்றத்தாழ்வைக் குலைத்துவிடுகிறது. இதைக் கண்டறிந்தது சோதனைக் குழாயோடு போராடிய மனிதர்களே. 30 நாள் சோதித்தும் ஈ. கோலி ஹாலிசினுக்கு எதிர்ப்புப் பெறவில்லை என்பதையும், சிப்ரோஃபிளாக்சசின் என்ற மருந்துக்கு மூன்று நாள்களுக்குள்ளாகவே எதிர்ப்பு தோன்றத் தொடங்கியது என்பதையும் ஆய்வுக்கூடமே காட்டியது.

மூன்றாவது, பாடம் எவ்வளவோ அறிவும் அவ்வளவே. இங்கே கணிப்பொறி கற்ற பாடம் ஈ. கோலி ஒன்றைப் பற்றியது. ஹாலிசின் காசநோய்க் கிருமியையும் அசினெட்டோபாக்டரையும் தடுத்தது உண்மை. ஆனால் நுரையீரலைத் தாக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் அது தோற்றுவிட்டது. 2,335 பொருள்களைக் கையால் சோதித்த உழைப்பு இல்லாவிட்டால் கணிப்பொறி வாய் திறந்திருக்காது. அந்த உழைப்பைச் செய்தித்தாள்கள் ஒரு வரியில் கடந்துபோயின.

நீங்களே போட்டுப் பார்க்கும் கணக்கு

இதே குழுவினர் அடுத்ததாக 10 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணிப்பொறியில் சலித்தனர். இத்தகைய பேரெண்களைக் கண்டு மயங்காதிருக்க ஒரு கற்பனைக் கணக்கைப் போடுங்கள்.

10 கோடி மூலக்கூறுகளில், பத்தாயிரத்துக்கு ஒன்று உண்மையில் கிருமியைத் தடுக்கக்கூடியது என்று கொள்வோம். அப்படியானால் நல்லவை 10,000. உங்கள் கணிப்பொறி நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் கெட்டிக்காரப் பொறி என்றும் கொள்வோம். நல்லவற்றுள் 9,900ஐ அது சரியாகப் பிடித்துவிடும். ஆனால் எஞ்சிய 9 கோடியே 99 லட்சத்து 90 ஆயிரத்தில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாக நல்லது என்று சொல்லும். அது 9,99,900. ஆக, கணிப்பொறி ‘நல்லது’ என்று நீட்டும் ஒவ்வொரு நூறிலும் ஏறத்தாழ ஒன்றுதான் மெய்யானது!

நூற்றுக்கு 99 சரி என்னும் விளம்பரமும், நூற்றுக்கு 99 தவறு என்னும் விளைவும் ஒரே பொறியிலிருந்து வரலாம். வைக்கோற்போர் பெரிதாகப் பெரிதாக, ஊசியைப்போலத் தோன்றும் வைக்கோலும் பெருகும். மேற்படி குழுவினர் 10 கோடியிலிருந்து 23ஐ மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதித்தனர், 8 தேறின. சோதித்ததால்தான் அந்த 8 நமக்குத் தெரியும்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதே 2020இல் கொரோனா பரவியபோது, சம்மிட் என்ற அமெரிக்க மீக்கணிப்பொறி 8,000க்கும் மேற்பட்ட பொருள்களை வைரசின் புரதத்தோடு பொருத்திப் பார்த்து 77 பொருள்களைப் பட்டியலிட்டது. பட்டியல் பெருஞ்செய்தியாயிற்று. பட்டியல் மருந்தாகிவிடாது என்பது அடுத்துவந்த மாதங்களில் தெளிவாயிற்று. அதுபோன்ற பொருத்தக் கணக்குகள் அந்த ஆண்டில் மலைபோல் குவிந்தன. அவற்றுள் மிகப்பல ஆய்வுக்கூட வாசலைக்கூட மிதிக்கவில்லை.

பொருந்தினால் போதுமா?

கணக்கீட்டை இழிவாகப் பேசுவது நம் நோக்கமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963இல் வெளியிட்ட வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது அது. புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் அது உலகெங்கும் பயன்படுகிறது. கணக்கின் உண்மையான வலிமை இங்கே விளங்கும்: நடக்க முடியாததை அது உறுதியாக விலக்கும். நடப்பது எது என்பதை இயற்கையிடம்தான் கேட்க வேண்டும்.

ஃபுளூ காய்ச்சலுக்கான ஸனாமிவிர் மருந்தின் கதையும் இதைச் சொல்லும். ஃபுளூ வைரசின் நியூராமினிடேஸ் என்ற நொதியின் அமைப்பை ஆஸ்திரேலிய அறிவியலார் 1983இல் வெளியிட்டனர். அந்த நொதியில் உள்ள ஒரு பள்ளத்தில் எந்த வேதித்தொகுதி அழகாகப் பொருந்தும் என்று கணிப்பொறியில் கணக்கிட்டு மூலக்கூற்றை வடிவமைத்தனர். 1993இல் அது வெளியாயிற்று. கணக்கு பலித்தது. மருந்து 1999இல் அனுமதி பெற்றது. ஆனால் விழுங்கினால் உடலில் சரியாகச் சேராததால், தூளாக மூச்சில் இழுக்க வேண்டியதாயிற்று. 2014இல் சோதனைகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்தபோது, வயது வந்தவர்களுக்கு நோய்க்குறிகள் சராசரியாக அரை நாளுக்குச் சற்று அதிகமாக மட்டுமே குறைவது தெரிந்தது. பள்ளத்தில் பொருந்துவது ஒன்று. நோயாளியை எழுப்பி உட்கார வைப்பது வேறொன்று.

ஹாலிசினும் எலியின் தோற்புண்ணில் இருந்த அடங்காத கிருமியை 24 மணி நேரத்தில் அகற்றியது. அதன்பின் மனிதருக்கு வரும் பாதை நெடியது. செய்தி வெளியாகி ஆண்டுகள் பல கடந்தும் அது மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்தாலும் தொல்லை தீர்வதில்லை. அமெரிக்காவின் அகாவோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்ற புதிய கிருமிக்கொல்லிக்கு 2018 ஜூனில் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் அந்நிறுவனம் திவாலாயிற்று! புதிய கிருமிக்கொல்லியை, கடைசி ஆயுதமாகக் கருதி மருத்துவர்கள் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார்கள். அதுதான் முறை. ஆனால் விற்பனை குறைந்தால் உற்பத்தி செய்தவர் எப்படிப் பிழைப்பார்? இந்த முடிச்சை அவிழ்க்க எந்தக் கணிப்பொறியும் உதவாது. அரசுகளும் மக்களும் அவிழ்க்க வேண்டிய முடிச்சு அது.

வாசகர்களுக்கு ஒரு சொல்

இனிமேல் ‘கணிப்பொறி மருந்து கண்டது’ என்று படித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதைப் பாடமாகப் படித்தது? அது சொன்னதை எவர், எத்தனை பொருள்களில் சோதித்தார்? சோதனை தட்டில் நின்றதா, எலியில் நின்றதா, மனிதர்வரை வந்ததா? இம்மூன்றுக்கும் விடை இல்லாத செய்தியை மடித்து வைத்துவிடலாம்.

கணிப்பொறி நல்ல முறம். பதரைப் புடைத்துத் தள்ளும். ஆனால் நெல்லை விளைவிப்பது முறமன்று. மருந்தாராய்ச்சியில் நாட்டமுள்ள மாணவர்கள் நிரல் எழுதக் கற்பது நல்லது. அதோடு வேதியியலையும் நுண்ணுயிரியலையும் புள்ளியியலையும் சேர்த்துக் கற்க வேண்டும். பொறி சொல்வதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்களின் கையில்தான் அடுத்த மருந்து இருக்கிறது.