போர்க்காலச் செவியும் நகைச்சுவைக் குரலும்: ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலித் தொடரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

போர்க்கால வானொலி நகைச்சுவை, அது பிறந்த சூழல் மறைந்த பின்னும் ஈர்ப்புடன் நிலைப்பது ஏன் என்பது இக்கட்டுரையின் வினா. ஆங்கில வானொலியின் ‘இட்மா’ நிகழ்ச்சியோடு இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ ஒப்பிடப்படுகிறது. பின்னதன் ஈர்ப்பு அதன் சிரிப்புத் துணுக்குகளில் அன்று, குரல்களின் அமைப்பில் உள்ளது என்பதும், அவ்வமைப்புக்குப் பின்வந்த போரே புதுப்பொருள் தந்தது என்பதும் கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: வானொலி நாடகம், நகை, மெய்ப்பாடு, வட்டார வழக்கு, ஈழப்போர், மலையகம்

முன்னுரை

‘இட்ஸ் தட் மேன் அகெய்ன்’ என்பதன் சுருக்கமான ‘இட்மா’ 1939 ஜூலையில் பிபிசியில் தொடங்கியது. செய்தித்தாள்கள் இட்லரைக் குறிக்கக் கையாண்ட தொடரே அதன் தலைப்பாயிற்று. டெட் கவனா எழுத, டாமி ஹாண்ட்லி நடித்த அந்நிகழ்ச்சி, ஹாண்ட்லி 1949 ஜனவரியில் மறையும்வரை நீடித்தது. பங்கீட்டு முறை, அமைச்சகங்களின் கெடுபிடி, தொலைபேசியில் மிரட்டும் ஜெர்மானிய உளவாளி ‘ஃபன்ஃப்’ என அன்றைய அச்சங்கள் யாவும் அதில் நகைப்பொருளாயின. அதன் பகடிகள் பல இன்று அடிக்குறிப்பின்றி விளங்கா. ஆயினும் அப்பாத்திரங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன தொடர்கள் நினைவில் நின்றன. பகடி தேய, குரல் எஞ்சிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தமிழ் வானொலியின் முதன்மைப் பணி செய்தியாகவே இருந்தது. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியதும் போர்த் தேவையை ஒட்டியே. எனவே ‘இட்மா’வுக்கு நேரான தமிழ் நிகழ்ச்சியைத் தேடுவதைவிட, போரோடு வேறொரு வகையில் உறவுகொண்ட நகைச்சுவையை நோக்குவது பயனுடையது.

நான்கு குரல்கள்

தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் படையினருக்காகக் கொழும்பிலிருந்து நடத்திய வானொலி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் உருவான இலங்கை வானொலி இவ்வாறு ஒரு போரின் எச்சத்தைத் தன் வளமாக்கிக்கொண்டது. அதன் தமிழ் நாடக மரபில் 1970களில் புகழ்பெற்ற தொடர் எஸ். ராமதாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’. இது 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது.

மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்போர் இதன் முதன்மைப் பாத்திரங்கள். முறையே முஸ்லிம்களின் பேச்சுத்தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களம் விரவிய தமிழ், பிராமணத் தமிழ் ஆகியன இவர்களின் மொழி. மரிக்காராக ராமதாசும் ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் குரல் கொடுத்தமை கருதத்தக்கது. முகம் தெரியாத ஊடகத்தில் பிறரின் மொழியை ஏற்றுப் பேசுதல் இயல்வதாயிற்று.

எள்ளலின் இருமுனை

பேச்சின் வேற்றுமையை நகைப்பொருளாக்குதல் தமிழில் புதிதன்று. மெய்ப்பாட்டியலின் உரைமரபு, ஆரியர் பேசும் தமிழை நகைக்குரியவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. அங்கே நகைப்பவர் மொழிக்கு உரியவர், நகைக்கப்படுபவர் அயலவர். இவ்வுறவு ஒருவழிப்பட்டது. ஆனால் எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர், தான் பிறரை எள்ளுவதோடு, பிறரால் எள்ளப்படும்போது தான் நகுவதையும் அதனுள் அடக்குகிறார்.

‘கோமாளிகளின் கும்மாளம்’ இவ்விரண்டாம் வகைக்கும் இடம் தருகிறது. இந்நால்வருள் எவருடைய மொழியும் பொதுத்தமிழ் அன்று. ஆதலால் பிறரை அளக்கும் கோல் எவர் கையிலும் நிலையாக இல்லை. கேட்பவர் தம் அயலவரின் பேச்சுக்குச் சிரித்த மறுகணம் தம் பேச்சுக்கே சிரிக்க நேர்கிறது. 1960இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த திருத்தணி வட்டாரத்தில், மணவூர் போன்ற எல்லையோர ஊர்களின் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். தெலுங்கு கலந்த தமிழ் எள்ளலுக்கு உரியதா, உறவுக்கு உரியதா என்பதைச் சொல்லன்று, பேசுபவரும் கேட்பவரும் நிற்கும் இடமே முடிவு செய்கிறது.

போர் மாற்றிய பொருள்

1983 ஜூலை வன்முறைக்குப் பின் மூண்ட போர் 2009 மே வரை நீடித்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் மின்சாரமும் மின்கலமும் இன்றி மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். வானொலி கேட்டலே உடலுழைப்பாகிவிட்ட காலம் அது. ஒருவரின் உச்சரிப்பு அவர் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அச்சமும் உடன் இருந்தது.

இத்தகைய செவிக்கு அந்நான்கு குரல்களும் முன்போல ஒலிக்க இயலாது. 1970களில் வெறும் வேடிக்கையாக இருந்த கூட்டுரையாடல், பின்னோக்கிக் கேட்கையில் இழந்துவிட்ட ஒரு பொதுவெளியின் சான்றாகிறது. ‘இட்மா’வில் போர் நகைச்சுவையின் பொருளாக இருந்தது, இங்கோ நகைச்சுவையின் பொருளைப் போர் மாற்றியது. அமைதிக்காலப் படைப்பொன்று போரின் வழியே போர்க்கால நகைச்சுவையாக வாழ்வு பெற்றது எனலாம்.

ஒலிக்காத குரல்

ஆயினும் இவ்வீர்ப்பை ஐயமின்றி ஏற்றல் திறனாய்வாகாது. முதன்மைப் பாத்திரங்கள் நால்வருள் மலையகத் தோட்டத் தொழிலாளி இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பலர் கப்பலேறிக்கொண்டிருந்த காலமே இத்தொடரின் காலம். இழந்த ஒற்றுமைக்குச் சான்றாக நாம் போற்றும் அவையில், அன்றே ஓர் இருக்கை இடப்படவில்லை. போருக்கு முந்தைய காலத்தை இணக்கத்தின் பொற்காலமாகக் காட்டும் ஏக்கம் இதை மறைத்துவிடுகிறது.

முடிவுரை

வானொலி நகைச்சுவையின் நிலைபேறு துணுக்கின் கூர்மையைச் சார்ந்ததன்று. யார் யாரோடு சேர்ந்து சிரிக்க இடம் இருந்தது என்பதைச் சார்ந்தது. அவ்விடத்தின் பரப்பைப் போலவே அதன் எல்லையும் ஆராயப்பட வேண்டும். வானொலிப் பிரதிகளை இலக்கிய வரலாற்றின் புறத்தே நிறுத்தும் வழக்கம் தொடருமாயின், அப்பரப்பு ஏக்கமாகவும் எல்லை மறதியாகவும் மட்டுமே எஞ்சும்.