மீட்கப்பட்டது எந்த ஓடை?

‘மீட்பு’ என்னும் சொல் இன்று நகர நிர்மாணிகளின் வாயில் பெரிதும் அடிபடுகின்றது. மூடிக் கிடந்த வாய்க்காலைத் திறந்தோம், வற்றிய ஓடையில் நீர் பாய்ச்சினோம், கரையிலே பூங்கா அமைத்தோம் என்று படம் பிடித்துக் காட்டுகிறார்கள். அத்தகைய படங்களுள் உலகெங்கும் அதிகம் சுற்றி வருவது, தென் கொரியத் தலைநகரான சியோலின் நடுவே ஓடும் சொங்கேச்சொன் ஓடையினுடையது. பல நாட்டு நகரசபையினர் நேரிற் சென்று பார்த்து வியந்து திரும்புகின்றனர். வியப்பதற்கு முன் ஓர் இலக்கியப் படைப்பை அணுகுவது போலவே இவ்வோடையையும் நாம் அணுக வேண்டும். யார் இதனைப் படைத்தனர், யாருக்காகப் படைத்தனர், எவற்றை விட்டுவிட்டுப் படைத்தனர் என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

1394 இல் ஜோசொன் அரசு சியோலைத் தலைநகராக்கிய காலந் தொட்டு, சூழவுள்ள மலைகளின் சிற்றோடைகள் வந்து சேரும் இந்நீரோட்டமே நகரின் வடிகாலாக இருந்து வந்தது. கோடை மழையிற் பெருக்கெடுப்பதும் வறண்ட மாதங்களில் நூலாய் மெலிவதும் அதன் இயல்பு. வெள்ளத்தை அளப்பதற்கென 1441 இல் அதன் பாலமொன்றின் அருகே அளவுத்தூண் நாட்டப்பட்டது. சுப்யோ எனப்படும் அத்தூணின் பெயரே பாலத்துக்கும் நிலைத்தது. 1760 இல் யொங்ஜோ மன்னன் ஓடையைத் தூர்வாரச் செய்தபோது 57 நாட்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வேலை செய்தனர். அவர்களுட் பல்லாயிரவர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். வாரியெடுத்த சேற்றைக் குவித்த மேடுகளிலே பின்னர் பிச்சைக்காரர் குடியிருந்தனர். ஓடையின் வரலாறு அன்றே உழைத்தவர்களின் வரலாறாகவும் ஒதுக்கப்பட்டவர்களின் வரலாறாகவும் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்த உண்மையைப் பொறியியலாளரைவிட நாவலாசிரியன் நன்கு அறிந்திருந்தான். யப்பானிய ஆட்சிக் காலத்தில், 1936-37 இல் பாக் தேவொன் எழுதிய ‘ஓடைக்கரைக் காட்சிகள்’ என்னும் நாவல் கரையிலே துணி துவைக்கும் பெண்களின் பேச்சோடு தொடங்குகின்றது. கதாநாயகன் என்று ஒருவன் இல்லை. சலவைத்துறையும், முடிதிருத்தும் கடையும், அதன் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்திருக்கும் வேலைக்காரச் சிறுவனும், மதுச்சாலைப் பெண்களும், கைம்பெண்களும் சேர்ந்ததே அந்நாவல். கொரிய இடதுசாரி விமர்சகரான இம் ஹுவா 1938 இல் இதனை வெறும் உலகியல் நடைமுறைகளைச் சித்திரிக்கும் நாவல் வகையிற் சேர்த்துக் குறை கண்டார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. வரலாற்றின் இயக்கம் அந்நாவலில் மங்கலாகவே தெரிகின்றது. ஆயினும் ஓடை என்பது நீர் மட்டுமன்று, அதனைப் பயன்படுத்தியவர்களின் கூட்டு வாழ்க்கையே என்று காட்டியமைக்காக நாம் இன்று அதற்குக் கடமைப்பட்டுள்ளோம். (பாக் தேவொன் 1950 இல் வடக்கே சென்றுவிட்டதால் 1988 வரை தெற்கிலே அவர் நூல்களுக்குத் தடையிருந்தது. கரையை மறக்கச் செய்தவர்கள் கரையை எழுதியவனையும் மறக்கச் செய்தனர்.)

கொரிய யுத்தத்தின் பின் அகதிகள் குடிசையிட்ட கரைகளை ‘அசிங்கம்’ என்று கருதிய அரசு, 1958 முதல் ஓடையைக் கொங்கிறீற்றால் மூடியது. அதன்மேல் 1976 இற்குள் உயர்மட்டப் பெருந்தெருவையும் கட்டி முடித்தது. மூடிய ஓடையின் ஓரத்தில் எழுந்தது பியொங்வா சந்தை. ‘பியொங்வா’ என்றால் சமாதானம் என்று பொருள்! நிமிர்ந்து நிற்க முடியாத பரண்களில், பதின்மூன்று பதினைந்து வயதுச் சிறுமிகள் நாளுக்குப் பதினான்கு மணிநேரம் தைத்த இடம் அது. 1970 நவம்பர் 13 இல், தொழிற் சட்டப் புத்தகத்தோடு தன்னையும் எரித்துக்கொண்ட துணி வெட்டும் தொழிலாளி ஜொன் தே இல்லுக்கு அப்போது வயது 22. அந்த மாத முடிவுக்குள் சொங்கே தையற் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

2003 யூலையில் மேயர் லீ மியுங் பக் பெருந்தெருவை இடிக்கத் தொடங்கினார். 2005 ஒக்டோபர் முதலாந் திகதி 5.8 கிலோமீற்றர் நீளமான ஓடை திறந்து வைக்கப்பட்டது. இரண்டே கால் வருடத்தில் முடிந்த இவ்வேகத்தை மெச்சுவோர், அடுத்த வருடம் அவரது பதவிக்காலம் முடிவதாயிருந்ததையும் 2007 இல் அவர் சனாதிபதியாகத் தெரிவானதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

அவசரத்தின் விளைவு நீரிலே தெரிகின்றது. ஓடைக்கு உயிர் தந்த மலைச் சிற்றோடைகள் திறக்கப்படவில்லை. மாறாக, ஹான் நதியிலிருந்தும் சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரிலிருந்தும் நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 தொன் நீரை இயந்திரங்கள் இறைத்து விடுகின்றன. மெலிந்தும் பெருகியும் ஓடிய ஓடை இப்போது வருடம் முழுவதும் முழங்காலளவு ஆழத்தில் ஒரே சீராக ஓடுகின்றது. மின்சாரம் நின்றால் ஓடையும் நிற்கும். பெருமழையிலோ கழிவுநீர்க் கால்வாய்களின் மதகுகள் திறந்துகொள்ள, அழுக்கு உள்ளே பாய்ந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. 1959 இல் அகற்றப்பட்டு ஜாங்சுங்தான் பூங்காவில் வைக்கப்பட்ட சுப்யோ பாலம், புதிய கால்வாயின் அகலத்துக்குப் பொருந்தாமையால் அங்கேயே விடப்பட்டது. பழைய பாலத்துக்கு இடமில்லாத ஓடையைப் பழைய ஓடை என்று எவ்வாறு சொல்வது?

இதனால் எல்லாமே போலி என்று தள்ளிவிடுவது வரட்டுவாதமாகும். கோடையில் அப்பகுதியின் வெப்பம் அடுத்த தெருக்களைவிடச் சில பாகை குறைந்திருக்கின்றது. 2003 இல் நான்கு வகை மீன்களே காணப்பட்ட இடத்தில் 2008 இல் 25 வகைகள் கணக்கிடப்பட்டன. நுழைவுக் கட்டணமின்றி எவரும் காலை நனைக்கலாம். கந்தோரில் நாள் முழுதும் வேலை செய்தவனுக்கு அது சிறு ஆறுதலன்று. வாகனங்களின் மேம்பாலத்தைவிட நீர் நல்லதே. ஆனால் இது நல்லதொரு பூங்கா என்பது வேறு, மீட்பு என்பது வேறு. பூங்கா என்று மட்டும் சொல்லியிருந்தால், அங்கிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு என்ன ஈடு என்று மக்கள் கேட்டிருப்பார்கள். மீட்பு என்ற பெயர் அக்கேள்வியை வாயடைக்கின்றது. பழைய உரிமைக்காரனையே வெளியேற்றிவிட்டு, பழைமையைத் திருப்பித் தந்ததாகச் சொல்லிக்கொள்ள வழி செய்கின்றது.

இதனை முதலில் உரத்துச் சொன்னவர்களுள் ஒருவர், ‘தோஜி’ என்னும் பெருநாவலின் ஆசிரியை பாக் கியொங்னி. ஓடையைத் திறக்க வேண்டுமென்ற எண்ணத்தை அறிஞர் சிலர் தொடக்கத்திற் கூடி விவாதித்தது அவர் அமைத்த பண்பாட்டு மன்றத்திலேதான். அவரே 2004 இல், நடப்பது மீட்பா அபிவிருத்தியா என்று பத்திரிகையில் மனம் நொந்து எழுதினார். திட்டத்துக்கு ஆலோசனை கூறிய குடிமக்கள் குழுவினர் பலரும் அவ்வருடம் விலகினர். எழுத்தாளர் கனவு காண்பதோடு நின்றுவிடாமல், கனவு யார் கையில் எவ்வாறு உருமாறுகின்றது என்பதையும் காவல் செய்ய வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஜொன் தே இல்லுக்கு 2005 இல் ஓடையின் பாலமொன்றில் அரையுருவச் சிலை வைத்தார்கள். உயிரோடிருந்த நடைபாதை வியாபாரிகளையோ 2003 இன் இறுதியிற் பொலிசாரின் துணையோடு கரையிலிருந்து அகற்றினார்கள். அவர்களுள் ஒரு பகுதியினருக்குத் தொங்தேமுன் விளையாட்டரங்கினுள் இடங் கொடுக்கப்பட்டது. சில வருடங்களில் அவ்வரங்கமும் இடிக்கப்பட, 2008 இல் அவர்கள் மீண்டும் பெயர்ந்தனர். அவ்விடத்தில் ஸாஹா ஹடீட் வரைந்த வடிவமைப்பு மாளிகை 2014 இல் திறக்கப்பட்டது. கரையோரம் இரும்புக் கருவிகளும் உதிரிப் பாகங்களும் விற்ற சிறு வியாபாரிகளுக்கென்று நகரின் தென்கிழக்கு ஓரத்தில் ‘கார்டன் ஃபைவ்’ என்னும் பெருங் கட்டடத்தொகுதி எழுந்தது. 2010 இல் அது திறக்கப்பட்டபோது கடைகளின் விலை அவர்களிற் பெரும்பாலோரின் கைக்கு எட்டவில்லை.