ரிமோட் மீட்புப் படகு: வேகம் மட்டும் போதுமா?

கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒருவர் தத்தளிக்கிறார். நன்றாக நீந்துபவருக்கே அங்கே போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் ஓடும் ரிமோட் படகு பத்துப் பன்னிரண்டு விநாடியில் போய்விடும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குகிற ஆபத்து இதில் இல்லை. ரிமோட் படகுக்குச் சாதகமான முதல் வாதம் இதுதான், வலுவான வாதமும்கூட.

அமெரிக்காவின் ஹைட்ரோனாலிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'எமிலி' இதை நடைமுறையில் காட்டியது. சுமார் 1.2 மீட்டர் நீளம், 11 கிலோ எடை. வெளியே சுழலும் விசிறி கிடையாது. ஜெட் பம்ப் நீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளுவதால் பிடிப்பவரின் விரலுக்குச் சேதமில்லை. 2016 ஜனவரியில் கிரீஸின் லெஸ்போஸ் தீவில், கடல் கடந்து வந்த அகதிகளை மீட்கும் பணியில் இது இறங்கியது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் ராபின் மர்ஃபி குழு இதில் துணை நின்றது. பிடித்துக்கொள்ளத் தெம்புள்ளவர்களுக்குப் படகு, தெம்பில்லாதவர்களுக்கு மீட்பு வீரர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம் என்பதே அங்கு வகுத்த உத்தி.

இந்தப் பிரிவினையிலேயே படகின் குறையும் தெரிகிறது. மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்த அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா, அவர்கள் கையசைப்பதோ கூப்பிடுவதோ இல்லை என்று கண்டார். கை தானாகவே நீரை அழுத்திக்கொண்டிருக்கும்; பக்கத்தில் மிதவை வந்தாலும் எட்டிப் பிடிக்க வராது. 20 முதல் 60 விநாடிக்குள் ஆள் உள்ளே போய்விடுவார். ஆக, களைத்துப்போன நீச்சல்காரருக்குப் படகு உதவும்; இப்படி மூழ்கிக்கொண்டிருப்பவருக்கோ நினைவிழந்தவருக்கோ உதவாது.

பொம்மைப் படகைக் கொஞ்சம் பெரிதாக்கிச் செய்பவர்கள் வேறு சிக்கல்களையும் சந்திக்க வேண்டும். மோட்டார் தண்டு நுழையும் குழாயில் கிரீஸ் குறைந்தால் அதன் வழியே தண்ணீர் கசியும். திறந்த விசிறி என்றால் ஆகாயத்தாமரைத் தண்டு சுற்றி நின்றுவிடும். பரவலாகப் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நீருக்குள் ஊடுருவாது. ஆன்டெனா தாழ்வாக இருந்தால் ஓர் அலை மேலெழும்பினாலே சிக்னல் அறுபடும். அப்போது மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு இல்லாவிட்டால் படகு ஆளின் மேலேயே பாயக்கூடும். படகு நம்மை நோக்கித் திரும்பியதும் இடமும் வலமும் மாறிவிடும். பழகாதவர் கை அங்கேதான் தடுமாறும்.

மிதப்பிலும் ஏமாறக் கூடாது. கப்பலில் தொங்கும் மிதவை வளையம் 14.5 கிலோ இரும்பை நன்னீரில் 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. தன் எடையோடு இந்தச் சுமையையும் தாங்காத படகை மீட்புப் படகு என்று சொல்ல முடியாது.

என் முடிவு இது: ரிமோட் படகு மீட்பவர் அல்ல, மிதவையையும் கயிற்றையும் கொண்டுசேர்க்கும் கருவி. அந்த வேலைக்கு அது அருமையானது. கயிற்றின் மறுமுனை கரையில் இருப்பவர் கையில் இருந்தால் மோட்டார் நின்றாலும் இழுத்துவிடலாம். ஆகவே, படகு செய்யும் மாணவர்கள் வேகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கும் முன், கயிறு கட்டி, எடை ஏற்றி, ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். உயிர்காப்பாளர் ஒருவரையும் அந்தச் சோதனைக்கு அழையுங்கள்.