ஆலையும் வயலும்: மொரீசியசுச் சீனி அருங்காட்சியகம் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

அருங்காட்சியகமும் ஒரு பனுவலே. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. தலைமைப் பாத்திரம் உண்டு. உரக்கச் சொல்லப்பட்டவையும் மெல்லச் சொல்லப்பட்டவையும் உண்டு. ஆகவே இலக்கியத் திறனாய்வில் பயின்றோர் அருங்காட்சியகம் ஒன்றை வாசிக்க முற்படுவது துறை மீறிய செயலாகாது. மொரீசியசுத் தீவின் வடபகுதியில், பாம்பிளமூஸ் ஊரை அடுத்துள்ள போ பிளான் சீனி ஆலை 1999ஆம் ஆண்டில் அரவையை நிறுத்திக்கொண்டது. 2002ஆம் ஆண்டில் அதே கட்டடம் 'லவாந்தூர் தியு சுக்ர்' என்னும் பிரெஞ்சுப் பெயருடன் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 'சீனியின் வீரப்பயணம்' என இப்பெயரைத் தமிழாக்கலாம். இந்த அருங்காட்சியகம் சீனியின் கதையை எவ்வாறு அடுக்கிச் சொல்கிறது, அவ்வடுக்கில் தமிழ்த் தொழிலாளிக்கு எவ்விடம் கிடைக்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மொரீசியசின் கரும்பு மலேசியத் தமிழருக்கு அயலானதன்று. 19ஆம் நூற்றாண்டில் வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் முதலில் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். ரப்பர் அதற்குப் பின்னர் வந்தது. கலிடோனியா போன்ற தோட்டங்கள் கரும்பிலிருந்து ரப்பருக்கு மாறியவை. சஞ்சிக்கூலி என நம் பாட்டனார் வழங்கிய சொல், கரும்பின் காலத்திற்கும் உரியதாகும்.

சீனி என்னும் கதைத்தலைவன்

அருங்காட்சியகத்தின் உள்ளமைப்பு தெளிவானது. கரும்பின் வரலாறு, தீவின் வரலாறு, அடிமை முறை, ஒப்பந்தக் கூலி முறை, கடல் வணிகம் ஆகியவற்றைப் படங்களும் விளக்கப் பலகைகளும் எடுத்துரைக்கின்றன. ஆலையின் பழைய இயந்திரங்கள் பல அவை இயங்கிய இடத்திலேயே நிற்கின்றன. கரும்பு உருளைகளுக்கிடையே நசுக்கப்பட்டதும், சாறு சுண்ணாம்பு சேர்த்துத் தெளிவிக்கப்பட்டதும், கொதிகலன்களில் வற்றவைக்கப்பட்டதும், படிகமாக்கப்பட்டதும், சுழலும் கருவியில் பாகிலிருந்து பிரிக்கப்பட்டதும் பார்வையாளருக்குப் படிப்படியாக விளங்குகின்றன. இறுதியில் பழுப்புச் சீனி வகைகளையும் ரம் மதுவையும் சுவைத்துப் பார்க்க வாய்ப்பளிக்கப்படுகிறது.

அடிமை முறையையும் ஒப்பந்த முறையையும் இக்காட்சியகம் மறைக்கவில்லை என்பதை முதலில் நேர்மையாகக் கூறவேண்டும். ஒல்லாந்தர் 1639இல் கரும்பைத் தீவுக்குக் கொண்டுவந்ததும், 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், அதனையொட்டி இந்தியாவிலிருந்து ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் ஒப்பந்தத்தின் பேரில் கொண்டுவரப்பட்டதும் மறுக்கவியலா வரலாறுகள். குறை செய்தியில் இல்லை. செய்தி வகுக்கப்பட்ட முறையில் உள்ளது. மனிதர் பலகைகளில் எழுத்தாக நிற்கின்றனர். இயந்திரங்கள் உருவோடு நிற்கின்றன. எழுத்தைப் படிக்காமல் கடந்து செல்ல இயலும். கூரையை முட்டி நிற்கும் இரும்பை அவ்வாறு கடக்க இயலாது. இதனால் கதைத்தலைவன் என்னும் இடம் சீனிக்கே சென்று சேர்கிறது. சாறாகிப் பாகாகிப் படிகமாகி வெற்றி பெறும் பொருளே இங்குப் பயணம் செய்கிறது. அந்தப் பயணத்தின் இறுதி, பார்வையாளரின் நாவில் இனிக்கிறது. 'வீரப்பயணம்' என்னும் பெயரும் இவ்வமைப்பிற்கு முற்றும் பொருந்துகிறது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இருநாள் கூலியை இழக்கும் 'இரட்டை வெட்டு' விதியின் கீழ் வாழ்ந்தவனுக்கு அச்சொல் பொருந்துமா என்பது வேறு வினா.

ஆலையின் கடிகாரம்

இவ்வமைப்பின் அடிப்படைச் சிக்கல் ஆலைக் கட்டடத்தை வரலாற்றின் எல்லையாகக் கொள்வதே ஆகும். வெட்டிய கரும்பைக் கிடப்பில் போடவியலாது. வெட்டியதும் அதிலுள்ள இனிப்பு சிதையத் தொடங்குகிறது. காலம் தாழ்ந்தால் சீனியின் அளவு குறையும். எனவே எப்போது வெட்டவேண்டும், எவ்வளவு வெட்டவேண்டும் என்பவற்றை ஆலையின் கொள்ளளவே முடிவு செய்தது. வயலில் அரிவாள் எடுத்தவனின் விடியலையும் ஓய்வையும் ஆலையின் கடிகாரம் ஆண்டது. மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட 'இனிமையும் அதிகாரமும்' என்னும் நூலில், கரிபியன் தீவுகளை முன்வைத்து இதனை விளக்கியுள்ளார். வயலும் ஆலையும் ஒரே அமைப்பின் இரு கூறுகள் என்பதும், ஐரோப்பியத் தொழிற்சாலைகளுக்கு முன்னரே காலக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட உழைப்பு கரும்புத் தோட்டங்களில் உருப்பெற்றது என்பதும் அவர்தம் கருத்துகள்.

இவ்வுண்மையைத் தமிழ் மரபு வேறொரு வகையில் அறிந்திருந்தது. ஆலை என்னும் சொல்லே கரும்பு பிழியும் இடத்தைக் குறித்துப் பழந்தமிழில் வழங்கியது. எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் உரிய பொதுச்சொல்லாக அது பின்னரே விரிந்தது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொண்டுவந்த செய்தியைப் புறநானூற்று 99ஆம் பாட்டு கூறுகிறது. பட்டினப்பாலையின் தொடக்கப் பகுதியில் கரும்பாலைத் தீயின் வெம்மை அயலே வயலில் பூத்த நெய்தலை வாடச் செய்வதாக ஒரு காட்சி வருகிறது. சோழநாட்டு வளத்தைப் புகழவே புலவர் இதனைப் பாடினார். ஆயினும் ஆலையையும் வயலையும் ஒரே காட்சிக்குள் வைத்து, ஒன்றன் வெம்மை மற்றொன்றைத் தாக்குவதை அவர் காணத் தவறவில்லை. போ பிளானில் நாம் காண்பது அவ்வெம்மை நீங்கிய ஆலை. உலை அணைந்துவிட்டது, வயல் சுவருக்கு வெளியே நின்றுவிட்டது.

இதற்கு நேர்மாறான குறையைப் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பாடலில் காணலாம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற இந்தியப் பெண்களின் துயரைப் பாடும் அப்பாடல் வயலிலேயே நின்றுவிடுகிறது. கண்ணீர் அங்கு உண்டு. அக்கண்ணீரை வரவழைத்த ஆலையும் ஒப்பந்தமும் கணக்கேடும் இல்லை. தொலைவிலிருந்து பாடிய கவிஞரிடம் அவற்றை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் வகுப்பறையில் அப்பாடலை இரக்கப் பாடலாக மட்டும் நடத்தி முடிக்கும் நாம், அருங்காட்சியகம் செய்த பிரிவினையை மறுபக்கத்திலிருந்து செய்கிறோம். பாடலையும் ஆலையையும் சேர்த்து வாசிக்கும்போதே துயரின் காரணம் மாணவருக்குப் புலப்படும்.

பெயர்களை மீட்டல்

போ பிளானிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பெல் வூ. 1943 செப்டம்பர் 27ஆம் நாள், பெல் வூ அரேல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த கரும்புத் தொழிலாளர் மீது காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். மாண்டோருள் கருவுற்றிருந்த அஞ்சலை என்னும் பெண்ணும், பொன்சாமி என அறியப்பட்ட சுந்தரமும் இருந்தனர். ஈராண்டுகளுக்கு முன், 1941இல், மலாயாவின் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த ரப்பர்த் தோட்டத் தமிழர்களும் சுடப்பட்டனர். கடலின் இரு கரைகளிலும் ஒரே பேரரசின் ஆட்சி, ஒரே போர்க்காலம், ஒரே கூலிக் கோரிக்கை. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துக் கற்பிப்பது நம் கடமையாகும். பெல் வூவில் உள்ள விளையாட்டரங்கு இன்று அஞ்சலையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அஞ்சலையின் குடும்பப்பெயர் ரோமன் எழுத்தில் 'கூப்பன்' எனப் படிக்கத்தக்கவாறு எழுதப்படுகிறது. இது குப்பன் என்னும் பெயராகவே கொள்ளத்தகும். குழந்தை இறந்து இறந்து பிறந்த வீடுகளில், குப்பையில் புரட்டியெடுத்துக் காலனை ஏமாற்ற இட்ட பெயர் அது என்பதைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். ஐரோப்பிய எழுத்தரின் செவியில் விழுந்தவாறு ஏட்டில் ஏறிய அப்பெயரினுள் ஒரு தாயின் அச்சமும் வேண்டுதலும் அடங்கிக் கிடக்கின்றன. இதனை வெளிக்கொணர இயந்திரவியலறிவு போதாது, தமிழறிவு வேண்டும். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்பட்டுவரும் இந்தியக் குடிவரவு ஆவணங்களில் இத்தகைய பெயர்கள் எண்ணிறந்தன. போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் குடிவரவு நிலையத்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இறங்கிய துறை, அரைத்த ஆலை, சுடப்பட்ட வயல் ஆகிய மூன்றையும் ஒரே பனுவலின் மூன்று இயல்களாக வாசிப்பவருக்கே சீனியின் வரலாறு முழுமையாகும். மொரீசியசின் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் வெளியான தாள்களில் தமிழின் வரிசை மாற்றப்பட்டபோது அங்குள்ள தமிழர் எதிர்த்தெழுந்ததும், அத்தாள்கள் மீளப்பெறப்பட்டதும் யாவரும் அறிந்தவை. பணத்தாளில் இடம் கேட்டுப் பெற்ற மொழி, ஆலையின் விளக்கப் பலகையிலும் இடம் கேட்கலாம்.

முடிவுரை

இவ்வாய்வு ஜொகூரில் பணியாற்றும் தமிழாசிரியருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. தஞ்சோங் லங்சாட் சீனி ஆலை இறக்குமதியான கச்சாச் சீனியைச் சுத்திகரிக்கிறது. கரும்பு வெட்டுபவன் எந்நாட்டினன் என்பதை அதன் சீனி சொல்லாது. பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாசில் அன்னாசி அருங்காட்சியகம் உண்டு. அதன் பெயரிலும் பயிரே முன்னிற்கிறது. ரப்பர்த் தோட்டங்களோ வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவருகின்றன. நாளை ஜொகூரில் ஒரு தோட்ட ஆலையைக் காக்க எவரேனும் முன்வந்தால், உருளைகளையும் புகைவீட்டையும் காப்பது எளிது. ரப்பர்ப் பாலும் கரும்பைப் போன்றதே: விடியலில் சீவவேண்டும், உறைவதற்குள் ஆலை சேர்க்கவேண்டும். ஆகவே பெரட்டுக் களத்தையும் நிரையையும் லயத்தையும் விட்டுவிட்டு ஆலையை மட்டும் காத்தால் போ பிளானின் குறை இங்கும் நேரும்.

அருங்காட்சியகம் அமைக்கும் அதிகாரம் ஆசிரியரிடம் இல்லை. ஆனால் பெரட்டு, நிரை, தவறணை முதலிய சொற்களை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் சொற்களையும், தோட்டக் கணக்கேடுகளில் சிதைந்து கிடக்கும் பெயர்களையும் மாணவரைக் கொண்டு தொகுப்பித்து, அப்பெயர்களைத் தமிழில் மீட்டெழுதும் பணியைப் பள்ளி அளவிலேயே தொடங்கலாம். எந்த ஆலை எப்போது அருங்காட்சியகமானாலும், அதன் பலகையில் எழுதவேண்டிய பெயர்கள் அப்போது நம் கையில் இருக்கவேண்டும்.