இரண்டணா நடராசர்

சாத்தூர் நண்பர் ஒருவர் சுவிட்சர்லாந்துப் பிரியர். 1945 மே மாதம் வந்த ‘பாக்ஸ்’ (அமைதி) வரிசையின் 13 தபால்தலைகளையும் விரித்து வைத்துவிட்டு, “நடுநிலை நாட்டு ஸ்டாம்புன்னா இதுதான்யா” என்பார். அந்த அச்சு நேர்த்தியை மறுக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அது வாசலைத் தாண்டாத நடுநிலை. நம்முடையதோ சண்டைக்காரர் இருவருக்கும் இடையில் போய் நின்றது. 1953இல் கொரியா போன இந்தியக் காவல் படைக்காகத் தொல்லியல் வரிசையின் மேல் நாகரி எழுத்து அச்சிட்டுக் கொடுத்தார்களே, அதில் இரண்டணா நடராசர் ஒன்று போதும் எனக்கு.

விளாத்திகுளத்துக் களத்தில் காயும் வத்தலின் சிவப்பு. மேலே கறுப்பில் ‘கடக்’ என்று படைக்கு ஒரு பழஞ்சொல். தென்கொரியாவின் சிங்மன் ரீ நம் வீரர்களைத் தம் மண்ணில் கால்வைக்க விடவில்லை. கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றித்தான் படைநீக்கப் பகுதியில் இறக்கினார்கள். ஊர் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளுக்கு அங்கே காவல். மண் மறுக்கப்பட்டவர்களோடு போனது தூக்கிய திருவடி! வரிசையில் வேறெந்தத் தலைக்கு இந்தப் பொருத்தம் உண்டு?

1954 டிசம்பரில் கம்போடியா, லாவோஸ், வியட்நாம் சர்வதேசக் கண்காணிப்பு ஆணையங்களுக்குப் போன நம்மவர்களுக்காக இதேபோல் மேலச்சிட்ட ஐந்தைந்து தலைகள். மூன்றிலும் நடராசர் இருக்கிறார். 1957இல் அந்த இடத்துக்கு இந்திய வரைபடம் வந்தது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டியவர். நிறம் விலகிய லேபிள்களைப் பொறுக்கிப் பழகிய கண் எனக்கு. மேலச்சின் மை தாளில் எப்படி இறங்கியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். போலி மேலச்சு மலிந்திருக்கிறது. இன்று வாங்குவோர் முத்திரை படாத முழு வரிசையைத்தான் கேட்கிறார்கள். கடிதத்தில் போகாத தலைக்கு என்ன வாழ்வு? தபால் ஆபீசிலோ பார்கோடு ஸ்டிக்கர். தலை கேட்டு ஒட்டிக் கொடுத்தால் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்குகிறார்கள்.

1954 பிப்ரவரியில், இரு தரப்புக்கும் போக மாட்டோம் என்ற கைதிகள் எண்பதுக்கும் மேற்பட்டோர் ‘அஸ்டூரியாஸ்’ கப்பலில் சென்னை வந்து இறங்கினார்கள். அவர்களைக் காத்தவர்களில் ஒருவர் அனுப்பிய உறை என்னிடம் இருக்கிறது. களத் தபால் முத்திரை ஓரமாக விழுந்து படத்தில் பாதியை மறைத்திருக்கிறது. தூக்கிய காலில் மை படவில்லை.